புள்ளியில்லாத நிகழ்தகவும் இரண்டு பொட்டலமும்

உலக மக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது: நிகழ்தகவுக் கணிதத்திலிருந்து புள்ளி இன்று முதல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் சின்ன காஞ்சிபுரம் கணிதப் பேராசிரியர் ஸௌந்தரராஜன். ஆண்டு 1998. ஒழிக்கும்போது இடுப்பில் ஈரத்துண்டு.

"பூவா தலையா போட்டா, எது விழுந்ததுங்கறது ஒரு புள்ளி. அதை எவன் கேட்டான்?" என்று காப்பியை ஆறவிட்டு மனைவியிடம் முழங்கினார். "நிகழ்ச்சிகள் போதும். அதையெல்லாம் 'அல்லது', 'மற்றும்', 'இல்லை'ன்னு சேர்க்கற இயற்கணிதம் போதும். ஒத்தை விளைவே வேண்டாம்!"

"பேஷ். இன்னிக்கு நமக்கு ஒத்தை விளைவுதான் வேணும். பூக் கட்டணும், வாங்கோ," என்றாள் வத்ஸலா.

மகள் ஸிந்துஜா, கூட வேலை பார்க்கும் ஜான்சனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். வத்ஸலாவின் தம்பி வாசுதேவ் கூடவே கூடாது என்று குதிக்கிறார். கடைசியில் பெருமாள் படத்துக்கு முன் பூப்போட்டுப் பார்ப்பதென்று முடிவு. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை.

பொட்டலம் கட்டும் வேலை ஸௌந்தரராஜனுக்கு. வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையை மடித்தார். சிவப்பு அரளியைக் கையில் எடுத்தார். கூடத்தில் ஸிந்துஜா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வரும்போதெல்லாம் கடித்த அதே விரல். அரளி ஜன்னல் வழியே போயிற்று. கொல்லையில் நந்தியாவட்டைக்குப் பஞ்சமா? இனி எந்தப் பொட்டலம் என்று யாரும் கேட்கவே வேண்டாம். வெள்ளை வரும் நிகழ்தகவு நூற்றுக்கு நூறு. கோட்பாட்டின் முதல் பயன்பாடு!

வாசுதேவ் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. ஸிந்துஜா அழுதே விட்டாள்.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பேராசிரியருக்கோ தேற்றத்தை நிரூபிக்காவிட்டால் சோறு இறங்காது.

"எதை எடுத்தாலும் இதேதான் வாசு! பார்!" என்று மற்றதையும் பிரித்து நீட்டினார்.

அதுவும் வெள்ளை.

"அத்திம்பேர்..." வாசுதேவின் புருவம் ஏறியது. தாம் நிரூபித்தது என்ன என்று ஸௌந்தரராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அப்பா!" என்று ஸிந்துஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

வத்ஸலா இரண்டு பூவையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் எடுத்துக் கொடுத்தது ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பையே வெள்ளையாக்கிட்டார்னா, பெருமாளுக்கு எவ்வளவு இஷ்டம் பார்த்தியாடா வாசு? உங்க அத்திம்பேருக்குப் பொட்டலமே ஒழுங்காக் கட்ட வராது. ஏமாத்த வருமா?"

வாசுதேவ் பேராசிரியரை மேலும் கீழும் பார்த்தார். வாதம் பலமாகத்தான் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸௌந்தரராஜன் நெகிழ்ந்துபோய், மனைவிக்கு மட்டும் கேட்கும்படி, "என் கோட்பாடுதான் கொழந்தையைக் காப்பாத்தித்து," என்றார்.

ஜான்சனின் அம்மா சுகாசினிக்கு வத்ஸலா போன வாரமே சம்மதம் சொல்லியிருந்தாள்.