கிழிந்த காதுக் கலைமான்

இளம் கலைமானை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே மெர்ல் டோலஃப்சன்தான். அரசாங்கச் சட்டமல்ல. விஸ்கான்சினின் அந்தப் பள்ளத்தாக்கில் வேலிக்கு வேலி ஒட்டிக் கிடந்த நான்கு பண்ணைக்காரர்கள், டெல்பர்ட்டின் மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டே கை குலுக்கிப் போட்டுக்கொண்ட சட்டம். நாலு வயது நிரம்பாத வெள்ளைவால் கலைமான் மேல் எவனும் அம்பு விடக் கூடாது. விட்டால் ஊர் பார்க்க அவன் சட்டையின் பின்பக்க வாலைக் கத்தரித்து, பெயரெழுதி, கடைச் சுவரில் ஆணியடிப்பார்கள். குறி தப்பினவனைக் கேலி செய்ய அந்தப் பக்கத்தில் காலங்காலமாகச் செய்வதுதான் அது. மெர்ல் அதை எடுத்துத் தண்டனை ஆக்கிவிட்டார். அறுபது வயதுப் பெரிய மனிதர் சொல்லும்போது யார் குறுக்கே பேசுவது?

போன வருஷம் மாட்டியவன் பக்கத்துப் பண்ணை கார்டி. மர அறுவை ஆலையில் வேலை போய், வீட்டு இறைச்சிப் பெட்டி காலியாகக் கிடந்த நவம்பர் அது. இரண்டரை வயதுக் கலையை அடித்துவிட்டுத் தானே வந்து ஒப்புக்கொண்டான். மெர்ல் விடுவாரா? கத்தரிக்கோலை வாங்கி, வாலோடு நிறுத்தாமல் பாதி முதுகு தெரியும்வரை வெட்டினார்.

"கொம்பப் பாத்து ஏமாறுறவன் கோழி வளக்கலாம்யா. உனக்கெல்லாம் வில்லு எதுக்கு?" என்றார்.

கடையே சிரித்தது. கார்டியும் சேர்ந்து சிரித்தான். அவன் மனைவி லோர்னா மட்டும் தலையைத் தூக்காமல் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மெர்ல் கண் வைத்திருந்தது 'ஜட்ஜ்' என்று ஊரே பெயர் வைத்திருந்த ஆறு வயதுக் கலை மேல். கிழட்டுக் கலை லேசுப்பட்டதல்ல. காற்று தன் பக்கம் இருந்தால்தான் அடியெடுத்து வைக்கும். அதற்குச் சாதகமான காற்று என்று அதை நம்பவைத்து, நம் வாசனை மட்டும் அதன் மூக்கில் படாமல் ஒதுங்கிப் போகிற மரத்தைத் தேடிப் பரண் கட்ட வேண்டும். மெர்ல் தேடிக் கட்டினார். வாசனையில்லாத சோப்பில் உடுப்பைத் துவைத்து, ஓக் சருகோடு பெட்டியில் போட்டு வைத்தார். காப்பியை விட்டார், புகையிலையை விட்டார். பதினாறு காலை, விறைத்த காலோடு, இருபது கஜ தூரத்துக்குள் அது வர வேண்டுமென்று காத்திருந்தார். அடுத்த வாரம் துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிடும். வெளியூர்க்காரன் எவனாவது இருநூறு கஜத்திலிருந்து ஜட்ஜைச் சுட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான் என்ற நினைப்பே அவருக்கு வயிற்றெரிச்சல்.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை. சதுப்பிலிருந்து மூடுபனி ஏறியிருந்தது. ஏழு மணிக்கு ஒரு பெட்டை மான் ஓடி வந்தது. பின்னாலேயே உறுமிக்கொண்டு கொம்பு ஒன்று வந்தது. ஆம், மெர்ல் கண்ணுக்குக் கொம்புதான் வந்தது. உடம்பைப் பார், தொங்கும் வயிற்றைப் பார், கடைசியில் கொம்பைப் பார் என்று ஊருக்கெல்லாம் ஓதியவர் அவர்தான். பனியில் எல்லாமே பெரிதாகத் தெரியும் என்பதும் அவர் சொன்னதுதான். நாண் இழுத்தாகிவிட்டது. பதினெட்டு கஜம். மான் தலையைத் திருப்பியது. இடது காது நுனி பிளந்து தொங்கியது. சருகு ஒட்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்பை விட்டார்.

அம்பு பட்ட மானை உடனே துரத்தினால் அது காடு தாண்டி ஓடிவிடும். ஒரு மணி நேரம் பொறுத்து இறங்கினார். அம்பு ஊடுருவிப்போய் அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நின்றது. காட்டு வான்கோழி இறகு, மஞ்சள் நூல் சுற்று, அவர் கையால் கட்டியது. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டி இருக்கைக்கு அடியில் தள்ளினார். அப்போதே மனசு ஏதோ குறுகுறுத்தது. இருந்தும் ரத்தத் தடம் பிடிப்பதில் கெட்டிக்காரனான கார்டிக்குப் போன் போட்டு, "ஜட்ஜ அடிச்சுட்டேன், வாடா," என்றார்.

கார்டி கழிப்பறைக் காகிதச் சுருளோடு ஓடோடி வந்தான். மண்டியிட்டு, ஒவ்வொரு ரத்தப் பொட்டின் மேலும் ஒரு துண்டு கிழித்து வைத்துக்கொண்டே போனான்.

"நெஞ்சு ரத்தம், மெர்ல். நுரை கட்டியிருக்கு பாருங்க. பதினாறு நாள் தவம் வீண் போகல. எனக்கே சந்தோஷமா இருக்கு."

தன் கல்யாணம் போலக் குதிக்கிறானே என்று மெர்ல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எண்பது கஜத்தில், விழுந்த எல்ம் மரத்துக்குப் பின்னால் கார்டி நின்றுவிட்டான். "மெர்ல்," என்று மட்டும் சொன்னான்.

பெரிதாகத் தெரிந்த கொம்பு பக்கத்தில் போகப் போகச் சுருங்கி, விரல் தடிமனில் வந்து நின்றது. மெலிந்த கழுத்து. ஒட்டிய வயிறு. இடது காது பிளந்திருந்தது. மூன்று வாரம் முன்புதான் கார்டி கடையில் சொல்லியிருந்தான்: "கிழிஞ்ச காதுள்ள சின்னக் கலை என் பரணுக்குக் கீழ ரெண்டு தடவ வந்து நின்னுச்சு. பன்னெண்டு கஜம். வீட்டுல கறி இல்ல, ஆனாலும் வார்த்த குடுத்தாச்சே, விட்டுட்டேன்." மெர்ல் அவன் முதுகில் தட்டி, "இப்பத்தான்டா மனுஷனானே," என்றிருந்தார். அந்த வார்த்தை இப்போது காதுக்குள் நின்று சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கார்டி வெகுநேரம் மானின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் வேட்டை அட்டையை எடுத்தான். அடித்தவன் தன் பெயரில் மானில் கட்ட வேண்டிய அரசாங்க அட்டை அது.

"இத நான் கட்டிடறேன். நான் அடிச்சதா இருக்கட்டும். என் சட்டைதான் ஏற்கெனவே போச்சே. உங்களுக்கு இது தாங்காது, மெர்ல்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன பாரம்? மெர்ல் வாயைத் திறக்கவில்லை. கார்டி அட்டையைக் கொம்பில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போதாததற்கு மானை இழுத்துப்போக ஒரு கையும் கொடுத்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. மெர்ல் முன்னால் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் இருந்தன. ஒரு வாய் இறங்கவில்லை. கார்டி எழுந்து, கிழிந்த காதைத் தான் அடித்துவிட்டதாகச் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ரெண்டாம் தடவையா? பட்டும் புத்தி வரலியேய்யா உனக்கு," என்றார் டெல்பர்ட். கத்தரிக்கோல் வழக்கப்படி மெர்ல் கைக்கு வந்தது.

கார்டி திரும்பி நின்று சட்டையை வெளியே இழுத்தான். போன வருஷத்துச் சட்டைதான். அவர் வெட்டிய இடத்தில், முதுகு அகலத்துக்கு, பூப்போட்ட திரைச்சீலைத் துணி வைத்துத் தைத்திருந்தது. பொடிப்பொடியான தையல்.

"புதுச் சட்டைய எதுக்கு வீணாக்கணும்னு இதையே போட்டுட்டு வந்தேன்," என்றான் கார்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

மெர்ல் அந்தத் தையலைப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அது இவன் அடிச்சதில்ல. நான் அடிச்சது."

டெல்பர்ட் மேசையைத் தட்டினார்.

"மனுஷனப் பாருங்கய்யா! போன வருஷம் ரொம்பப் பண்ணிட்டோம்னு, இந்த வருஷம் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு. பெரிய மனசு வேணும் அதுக்கு."

யாரோ கை தட்டினார்கள். யாரோ அவருக்கு ஒரு பீர் நகர்த்தினார்கள். இதற்குப் பதில் முகத்தில் காறித் துப்பியிருந்தால் மெர்லுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கார்டி குனிந்து, "விடுங்க மெர்ல், நம்ப மாட்டாங்க. உக்காருங்க," என்று கிசுகிசுத்தான்.

உட்கார்ந்துவிடலாம்தான். பொய் சொல்லித் தப்பியதோடு நல்ல பெயரும் கிடைத்துவிடும். வெட்கங்கெட்ட மனசு அதற்கும் ஒரு கணம் தயாராக இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் அவர் பின்னாளில் அதிகம் கூசினார்.

வெளியே போய், வண்டியிலிருந்து எண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மஞ்சள் நூலும் வான்கோழி இறகும் காய்ந்த ரத்தமும். யார் கைவேலை என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

"காத முன்னாடியே பாத்துட்டேன்," என்றார். "அம்ப விடுறதுக்கு முன்னாடியே. பாத்துட்டுத்தான் விட்டேன். இவன் எனக்காக அட்டையக் கட்டினான், நான் வேணாம்னு சொல்லல. காலையில வனக்காவலர்கிட்டயும் போய்ச் சொல்லிடறேன், அட்டக் குத்தமும் என்னோடதுதான்."

டெல்பர்ட் கத்தரிக்கோலைத் தொடவில்லை. லோர்னாதான் எழுந்து வந்து அதை எடுத்தாள்.

"திரும்புங்க."

மெர்ல் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக் குனிந்து நின்றார். முதுகில் இரும்பின் குளிர் ஏறுமென்று காத்திருந்தார். ஏறட்டும், கழுத்துவரை ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டார். கத்தரிக்கோல் அடிவிளிம்பில் ஒரே ஒரு தரம் சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தபோது லோர்னாவின் உள்ளங்கையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு இருந்தது.

"உள்ள சொருகிக்கிட்டா தெரியாது," என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

மெர்ல் சட்டையைச் சொருகிக்கொள்ளவில்லை. வெட்டுத் தெரிய நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மீன் ஆறிப்போயிருந்தது.