இயக்குநரின் பெயர் வரும் இடம்

ரோஷன் மானிட்டரின் இடது பக்கத்தில் விரலை வைத்து, தன் பெயர் அங்கேதான் வர வேண்டும் என்றான். அங்கே நர்மதாவின் கை இருந்தது. கத்தி பிடித்த கை.

அவன் எடுத்திருப்பது கொலைப் படம். டைட்டில் மட்டும் என் வேலை. முதல் கொலை விழ அரை மணி நேரம் ஆகும். அதுவரை ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க, பயத்தை டைட்டிலிலேயே ஏற்றிவிட வேண்டும். முகம் கூடாது. யாருடையது என்று தெரியாத ஒரு கை போதும். போன வருஷம் திருவொற்றியூர் வீட்டுச் சமையலறையில் என் மனைவி நர்மதா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, கேமராவை மிக அருகில் வைத்து எடுத்தேன். செதில் லென்ஸில் தெறித்தது. "இதுக்கா டிக்கெட்டு வாங்கினு வருவானுங்க?" என்று சிரித்தாள். சிரிப்பு வேண்டாம் என்று அந்த ஒலியை அப்போதே நீக்கிவிட்டேன்.

மழைக்காலத்தில், எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி அவள் ஸ்கூட்டி மேல் ஏறியது. அவள் செல்போனும் கூடவே போயிற்று. என்னிடம் போட்டோக்கள் இருக்கின்றன. அவள் அசைவது இந்தக் காட்சியில் மட்டும்தான்.

ரோஷனுக்கு இதெல்லாம் தெரியும். சாவுக்கு வந்து மாலை போட்டவன். "செத்தவங்க கையின்னு தெரிஞ்சு பாத்தா இன்னும் ஜில்லுன்னு கீது மாமு," என்றான். ரத்தத்தைக் கருப்பாக்கச் சொன்னான். தோலை நீலமாக்கச் சொன்னான். செய்தேன். மணிக்கட்டில் ஒரு தழும்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டுகிறாள் என்று சின்ன வயதில் அவள் அம்மா கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு. கைப்பழக்கம் மாறவில்லை, தழும்புதான் மிச்சம். அது நீலத்தில் மறைந்துபோனது. பிறகு பெயருக்கு இடம் வேண்டியிருந்ததால் காட்சியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பினேன். ஒரு பட்டன்தான். இடது கை வலது கையாகி வலது பக்கம் போயிற்று. காலியான இருட்டில் ரோஷனின் பெயர் நன்றாக உட்கார்ந்தது.

மாமியார் கோவிந்தம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். படத்தில் தன் கை வரப்போவதை நர்மதாவே அவளிடம் சொல்லியிருந்தாள். படம் வெளியாவதற்கு முந்தின நாள் கோவிந்தம்மா எனக்கு போன் செய்து, பாப்பா அதில் வருகிறதா என்று மகளைக் கேட்டாள். கை மட்டும் வரும் என்றேன். மறுநாள் வியாபாரத்தைப் பாதியில் விட்டு, பக்கத்துக் கடை புஷ்பவல்லியையும் கூட்டிக்கொண்டு, தியேட்டர் கதவு திறக்குமுன்பே வந்து நின்றாள்.

டைட்டில் ஓடியது. தியேட்டர் அடங்கியது. பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழ, வெளியே தூக்கிப்போனார்கள். என் வேலை சரியாக வந்திருந்தது. கை மீனின் வயிற்றைக் கிழித்தபோது கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஷனின் பெயருக்கு விசில் பறந்தது.

இதுதானா நம்ம நர்மதா கை என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"இன்னாடி பேசற நீ. இவ எவளோ சோத்தாங்கைக்காரி. கையப் பாரு, பொணம் மாரி கீது. எம்பொண்ணுக்குப் பீச்சாங்கைதான் பழக்கம்." என் பக்கம் திரும்பினாள். "பாப்பாது இனிமேட்டுதான மாப்ள?"

"ஆமா அத்தை. இனிமேதான்."

சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள். டீ கிளாஸ் எடுக்கும் கை, தாழ்ப்பாள் நீக்கும் கை, கழுத்தை நெரிக்கும் கை. ஒவ்வொன்றுக்கும் எட்டிப் பார்த்தாள்.

இடைவேளையில் புஷ்பவல்லி பப்ஸ் வாங்கப் போனாள். கோவிந்தம்மா எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்றாள். விளக்குகள் எரிந்தன. முன்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகைத் தட்டினாள்.

"ஒத்தி நில்லு நைனா. மறைக்குது."

அவன் திரும்பி வெள்ளைத் திரையைப் பார்த்தான். நகர்ந்து நின்றான்.