பகு எண்

பாஸ்கல் ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடி ஏறினான். வீட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து எடுத்து வந்திருந்தான். மகள் சாரா கேட்டது அது ஒன்றைத்தான்.

கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தவள். ரத்தத்தில் புற்று என்று தெரிந்த பிறகும், திரையில் பல வரிகளுக்கு நீளும் ஓர் எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் யாரும் அதை உடைத்துப் பார்க்கவில்லை என்பாள். பாஸ்கல் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். அவள் பேச்சில் அவன் மனதில் தங்கியது 'பகா எண்' என்ற சொல் மட்டும்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது.

காலையில் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். பாஸ்கல் மாதாவிடம் ஒரு பேரம் பேசிவிட்டு வீட்டுக்கு ஓடினான். கம்ப்யூட்டரில் ஓடும் அந்தக் கணக்கு இன்று முடிந்திருந்தால் பிள்ளை பிழைக்க வேண்டும்.

திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. முடிந்ததா இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை.

படத்தைக் காட்டியபோது சாராவுக்குக் கண் நிலைக்கவில்லை. "இன்னா நைனா வந்துச்சு?" என்றாள்.

போனைச் சட்டைப் பையில் போட்டான். "முடிஞ்சிட்ச்சும்மா. பகா எண்ணுதான்."

அவனையே சிறிது நேரம் பார்த்தாள். உதடு லேசாகச் சிரித்தது. "நல்லதாப் போச்சு நைனா," என்று அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

உடலை ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஃப்ரீசர் பெட்டிக்கு ப்ளக் பாயின்ட் தேடினார்கள். முன்னறையில் இருந்த ஒரே பாயின்ட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கச் சொன்னாள் மனைவி பிலோமி. பாஸ்கல் பெட்டிக்காரனைத் தடுத்து நிறுத்தி, சாராவோடு படித்த ஆஃபியாவைக் கூப்பிட்டான். கணக்கு முடிந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னான்.

அழுது வீங்கிய கண்களோடு அவள் திரையைப் படித்தாள். "இல்ல அங்கிள். இன்னும் ஓடிக்கினுதான் கீது."

"பகா எண்ணுதானே அது?"

"இல்ல அங்கிள். பகா எண் இல்லன்னு போன வருசமே தெரியும். சாராவே சோதனை போட்டுப் பாத்தா. நிச்சயமா வகுபடும், ஆனா எதால வகுபடும்னு தெரியல. அத்தத்தான் தேடிக்கினு இருந்தா."

பாஸ்கல் சாரா பிடித்திருந்த விரலைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று ஆஃபியா கேட்டாள். "நல்லதாப் போச்சுன்னாளேம்மா," என்றான்.

பிலோமி கத்தவில்லை. கிட்ட வந்து, "புள்ள வெந்துகினு கீது, புடுங்குய்யா," என்றாள்.

"வோணாம் பிலோமி." ப்ளக்கின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான். "பக்கத்து வூட்லேந்து இழுத்துக்கலாம்."

அடுத்த வீட்டு ஃப்ளோரா ஜன்னல் வழியாக ஒயரை நீட்டினாள். பெட்டி உறுமிக் குளிர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து சாராவின் முகம் மறைந்தது. பாஸ்கல் சட்டை நுனியால் துடைத்தான். முகம் தெரிந்தது. மறுபடி ஆவி படிந்தது. மறுபடி துடைத்தான்.