கறுப்புக் கோலி

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கோழிக்கறியும் சோளமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூர்த் தீயணைப்புச் சங்கத்தார் பதினெட்டுப் பேரும் வண்டிக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். புது ஆளைச் சேர்ப்பதென்றால் அங்கே ஒரு மரப்பெட்டி சுற்றிவரும். சம்மதம் என்றால் வெள்ளைக் கோலி, வேண்டாம் என்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு; கை தவறியிருக்குமோ என்று ஒரு மறுசுற்று மட்டும் உண்டு. யார் போட்டது என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

திறந்த வாசலில் காத்து நின்றவன் டேரல். வியட்நாமில் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்த சிப்பாய். திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. பெட்ரோல் பங்க்கில் ஒருத்தி, "குழந்தைங்களைக் கொன்னவன்தானே நீ?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். இந்தச் சங்கமும் கைவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

இரும்புக்கடை ஹார்லனிடம் பெட்டி வந்தது. அந்தப் போரை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தோளில் தூக்கி வளர்த்த அக்கா மகன் கென்னத் அங்கே செத்து மூன்று வருஷம். அவன் போய்விட்டான், இவன் மட்டும் அதே பட்டாளச் சட்டையோடு முழுசாக நிற்கிறானே என்று வயிறு எரிந்தது. விரல்கள் கறுப்பைத் தேடி எடுத்தன.

தலைவர் ஓர்வில் பெட்டியைத் திறந்தார். "ஒரு கறுப்பு இருக்கு. விரல் தவறியிருக்கும். வழக்கப்படி இன்னொரு சுத்து வரட்டும்."

அதற்குள் அபாயச் சங்கு அலறியது. ஆற்று வளைவில் கார் கவிழ்ந்துவிட்டதாம். எல்லாரும் வண்டியில் பாய்ந்து ஏறினார்கள். டேரலும் காலை வைத்தான்.

"நீ இன்னும் மெம்பர் இல்லியேப்பா," என்று இழுத்தார் ஓர்வில்.

"வண்டியிலதானே ஏறக் கூடாது, சார்?" என்றவன் ஓடத் தொடங்கினான். முக்கால் மைல்!

நசுங்கிய காருக்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி சிக்கியிருந்தாள். தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டது. மூச்சிரைக்க வந்த டேரல் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, முஷ்டியால் காயத்தை அழுத்திப் பிடித்தான். அவள் கோட்டில் 'போரை நிறுத்து' என்ற பேட்ஜ்.

"நீ பட்டாளமா? நேத்துதான் ஊர்வலத்துல உங்க ஆளுங்களைக் கண்டபடி திட்டிட்டு வரேன்," என்று முனகினாள்.

"நல்லாத் திட்டு. ஆனா அசையாமத் திட்டு. வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கு... சுத்தச் சோம்பேறி."

"அப்ப அதைத் திட்டு, கேப்போம்."

நாற்பது நிமிஷம். கை மரத்தும் அவன் பிடியைத் தளர்த்தவில்லை. கடப்பாரையால் கதவை நெம்பிக்கொண்டிருந்த ஹார்லன் எல்லாவற்றையும் பார்த்தார். கென்னத்தின் காயத்தையும் இப்படித்தான் எவனோ ஒருவன் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாயைப் பற்றிப் பேசியிருப்பானோ? ஐயோ, அப்படிப்பட்டவனுக்கா கறுப்பு போட்டேன்! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பெண் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் பெட்டி மறுபடி சுற்றி வந்தது. பதினெட்டும் வெள்ளை. ஹார்லன் எழுந்து, வாசல் குழாயில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்த டேரலிடம் போனார்.

"முதல்ல கறுப்பு போட்டது நான்தாம்ப்பா."

"தெரியும் சார். எல்லாரும் பெட்டியைப் பாத்தாங்க. நீங்க உங்க ஷூவைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"எனக்கு அந்தப் போரே பிடிக்கலப்பா."

"எனக்கும்தான் சார்."

ஹார்லன் குனிந்து குழாயை மூடினார்.

"யார் போட்டதுன்னு சொல்லக் கூடாது, ஹார்லன். அது விதி," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் ஓர்வில்.

"விதி கிடக்கட்டும்! எல்லாரும் கேட்டுக்கோங்க. சண்டை பிடிக்கலேன்னா, அனுப்பி வெச்சவங்க சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும். போயிட்டு வந்த பிள்ளை மூஞ்சியில கதவைச் சாத்தறது நியாயமில்ல, வெட்கக்கேடு!" என்றார் ஹார்லன். பிறகு டேரலின் ஈரக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், தம் நாற்காலியில் உட்கார வைத்தார்.