தொட்டுப் பார்க்காத நாலு வருஷம்

நான் அலறியிருக்கக் கூடாது. அந்த அலறலைத்தான் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கேமராவுக்கு லென்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலை எங்களுடையது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் கண்ணாடி. மெட்டல் டிடெக்டருக்கு அது பிடிபடாது. அதனால் ஷிஃப்ட் முடிந்து போகிற ஒவ்வொருத்தியையும் செக்யூரிட்டிப் பெண்கள் உடைக்கு மேல் கையால் தடவிச் சோதிப்பார்கள். வழக்கமாக நிற்கும் அக்காவுக்கு என் உடம்பு தெரியும், பட்டும் படாமல் தொட்டு அனுப்புவாள். அவள் லீவு. அன்று நின்றவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு திருடியையாவது பிடித்தால்தான் சோறு இறங்கும் என்கிற மாதிரி முகம்.

என் மேல்கையை அமுக்கினாள்.

"என்ன இது, உருண்டை உருண்டையா?"

"கட்டி."

"கட்டின்னா ஒண்ணு இருக்கும், ரெண்டு இருக்கும். இங்க கோலிக்குண்டுக் கடையே இருக்கே!"

மறுபடி அமுக்கினாள், இந்த முறை பிசைந்து. அலறினேன். ஒளித்தது மாட்டிக்கொண்டதால்தான் கத்துகிறேன் என்று முடிவு கட்டினாள்.

கையில், இடுப்பில், தொடையில் எனக்கு மொத்தம் இருபத்து மூன்று கொழுப்புக் கட்டிகள். ஒவ்வொன்றும் ரத்தம் கட்டிய இடத்தில் மேஜை முனை இடித்த மாதிரி வலிக்கும். டெர்கம் நோய் என்று பேர். லட்சத்தில் ஒருத்திக்கு வருமோ என்னவோ, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னார். அவர் கொடுத்த சர்டிபிகேட்டை ஆபீசில் கொடுத்தேன். அதை எந்த அலமாரி விழுங்கியதோ. என் நாத்தனாரைக் கேட்டால் நோயின் பேரே வேறு. "வாயைக் கட்டுங்க அண்ணி, எல்லாம் கரைஞ்சிடும்" என்பாள், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே.

சூப்பர்வைசர் அறைக்குக் கொண்டுபோனார்கள். பேசும்போதெல்லாம் மூக்கு சேர்ந்து ஊதுவதால் அவருக்கு எங்கள் மத்தியில் பேர் விசில்.

"ஒரு வாரமா உங்க லைன்ல லென்ஸ் காணாமப் போகுது. இப்ப உங்க கையில என்னமோ தட்டுப்படுதுன்னு இந்த செக்யூரிட்டிப் பொண்ணு சொல்றா. நான் என்னன்னு நினைக்கட்டும்?"

"கட்டின்னு நினைங்க சார். எனக்கு நோய் இருக்கு."

"அதை டாக்டர் சொல்லட்டும்."

திருட்டு என்று ஒரு தாள் எழுதினால் போதும். இந்த ரோட்டில் இருக்கிற அத்தனை தொழிற்சாலைக்கும் அது போகும். அப்புறம் ஒரு கேட்டும் எனக்குத் திறக்காது. எனக்குத் தெரிந்ததோ லென்ஸ் வேலை ஒன்றுதான்.

கம்பெனி டாக்டர் வந்தார். அரை நிமிஷம் டாக்டர். எந்த நோயாளிக்கும் அதற்கு மேல் கொடுத்ததில்லை. நாலு வருஷமாக அவரிடம் வலி, வலி என்று போயிருக்கிறேன். நாற்காலியை விட்டு எழாமல் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் அளந்துவிட்டு, 'எடை குறைக்கவும்' என்று எழுதித் தருவார். அந்தக் கையெழுத்துக்குத்தான் ஸ்டெதாஸ்கோப் மாலை.

விசில் என் ஃபைலைப் புரட்டினார். "டாக்டர், போன மாசம்கூட 'பரிசோதித்தேன், கட்டி எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ரெக்கார்ட்ல இல்ல."

"அப்ப இவ அமுக்கினது என்ன?"

டாக்டர் ஃபைலை வாங்கி மூடினார்.

இந்த ஆள் எழுதின பொய்யின்படி என் உடம்பில் கட்டி கிடையாது. கட்டி கிடையாது என்றால், அவள் கையில் பட்டது லென்ஸ். எவ்வளவு எளிதான கணக்கு! உடையைக் கழற்றிப் பார்க்க செக்யூரிட்டிக்கு அதிகாரமில்லை. டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

"மூலையில இருக்கிற திரைக்குப் பின்னால வாங்க டாக்டர்," என்றேன். "இந்தப் பொண்ணும் வரட்டும்."

திரைக்குப் பின்னால் போய், வலியைத் தாங்கக் கை முழுக்கப் போட்டிருக்கும் இறுக்கமான துணி உறையைத் தோளிலிருந்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. துணியை உதறிக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை. தோலுக்கு அடியில் ஏழு மேடுகள்.

"தொடுங்க."

"தெரியுதும்மா, வேண்டாம்..."

"நாலு வருஷம் தொடாம எழுதினீங்க. இன்னைக்குத் தொட்டுட்டு எழுதுங்க."

தொட்டார். ஏதோ சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி விரலை இழுத்துக்கொண்டார். புதியவள் கிட்டே வந்து பார்த்தாள். "உள்ளதான் இருக்கு சார்," என்று திரைக்கு வெளியே குரல் கொடுத்தாள். "தோலுக்குள்ள."

ஆறு நாள் வேலை பார்த்தவள் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். படித்தவருக்கு நாலு வருஷம் போதவில்லை. வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தார்.

"இதெல்லாம் புதுசா வந்ததுன்னு சொல்லிடுங்கம்மா. உங்களுக்கும் சிக்கல் இல்ல, எனக்கும் இல்ல. அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போகலாம்."

என் பஸ் கேட்டில் உறுமிக்கொண்டிருந்தது. கை தீயாக எரிந்தது. ஒரு 'ஆமாம்' போதும். ஆனால் அதைச் சொன்னால், அடுத்த வருஷமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருத்தியைப் பார்த்து, 'எடை குறைக்கவும்' என்று எழுதுவார்.

"சார்," என்றேன் விசிலிடம், சத்தமாகவே. "கட்டி நாலு வருஷமா இருக்கு. இவர் இன்னைக்குத்தான் முதல் தடவையா தொட்டார். அதை அவர் கையாலயே எழுதச் சொல்லுங்க."

விசில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு என்மேல் கருணை ஒன்றும் பொங்கிவிடவில்லை. பழியைத் தூக்கிப்போட வேறு தலை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க டாக்டர்."

பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. அரை நிமிஷம் டாக்டர், 'இதற்கு முன் நான் பரிசோதிக்கவில்லை' என்ற ஒரு வரியை எழுதி முடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.