கரடியைத் தூங்கவைக்கும் ஆட்டுத்தோல்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், செல்லங்களே. போர்வையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். சுவீடனில் நம் மால்மோ நகரத்தில் ஒரு கரடி தூங்க மறுத்த கதையைச் சொல்கிறேன். பாதியில் யாரும் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

ஹில்லவி என்று ஒருத்தி. பெரிய கம்பெனியில் பத்து வருடம் வீடியோ கேம் செய்தவள். எந்த விளையாட்டானாலும் அதே பொத்தானைத்தான் அமுக்க வேண்டுமா என்று அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறை போட்டாள். கூட்டாளி தொர்க்கெல். கம்பி வேலையில் கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். அடுத்த கதவு என் தையற்கடை.

அவர்கள் எடுத்துக்கொண்டது முடி அடர்ந்த ஒரு செம்மறியாட்டுத் தோல். அதன் அடியில் வெள்ளி பூசிய நூலை வரிவரியாக ஓட்டிக் கொடுத்தேன். கை பட்டால் நூல் வழியாகச் சென்சாருக்குத் தெரியும், அது கணினிக்குச் சொல்லும். திரையில் பனிக் குகை, உள்ளே புரண்டு புரண்டு படுக்கும் கரடி. மெல்லத் தடவினால் கண்ணை மூடும். அவசரப்பட்டால் விழித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விளையாட்டு.

பிப்ரவரியில் ஒரு கண்காட்சி. தேர்வாகும் ஒரே ஒரு விளையாட்டை நகர நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு வருடம் வைப்பார்கள். அது கிடைக்காவிட்டால் மார்ச்சில் பழைய கம்பெனிக்கே திரும்புவதாக ஹில்லவி வாக்குக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, அரங்கம் திறந்தது. முதலில் வந்தவர் தடவினார். கரடி கண்ணை மூடவில்லை. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். அப்போதும் இல்லை.

"நேத்து சாயங்காலம்கூட நல்லா தூங்குச்சே," என்றான் தொர்க்கெல்.

சென்சாரைக் கூர்மையாக்கிப் பார்த்தார்கள். யாரோ குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனதற்கே கரடி குறட்டை விட்டது.

"இதுக்கு நம்மளத் தவிர ஊர்ல எல்லாரையும் புடிச்சிருக்கு," என்றான் தொர்க்கெல்.

"வாயை மூடிட்டு அந்த ஒயரைப் புடிடா," என்றாள் ஹில்லவி. நடுவர்கள் வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அவள் பதறவில்லை. ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பூட்ஸுக்குள் போன பனி உருகிக் காலைக் கடித்ததால், ஒன்றைக் கழற்றிவிட்டு, காலுறையோடு சிமெண்ட் தரையில் ஊன்றி, தோல்மேல் கையை வைத்தாள்.

கரடி கண்ணை மூடியது.

"தொர்க்கெல், நீ எப்பவாவது பூட்ஸ் போட்டுட்டு இந்தத் தோலைத் தொட்டிருக்கியா?"

"பட்டறைக்குள்ள பூட்ஸா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கல."

இரண்டு குளிர்காலம், பட்டறையில் முந்நூறு பேர் விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் எங்கள் வழக்கப்படி வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர்கள். உடம்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டிய துளி மின்சாரத்தைத் தடித்த ரப்பர் அடி மறித்துவிடும் என்று யாருக்குத் தோன்றும்?

"கழற்றுங்கன்னு ஒரு பலகை எழுதிரவா?" என்றான் தொர்க்கெல்.

"வேணாம். படிப்பாங்க, யோசிப்பாங்க, அப்படியே நகர்ந்துருவாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பலகை எதுக்கு?"

நேரே என் கடைக்கு ஓடி வந்தாள். கந்தல் துணியில் நெய்த என் மெல்லிய தரைவிரிப்பு, செருப்பு அடுக்கும் தட்டு, ஒரு முக்காலி, மூன்றையும் அள்ளிக்கொண்டு போய் ஆட்டுத்தோலுக்கு முன்னால் வீட்டு வாசல் போல வைத்தாள்.

வந்த முதல் ஆள் விரிப்பைப் பார்த்தார். பேசிக்கொண்டே குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அடுத்தவரும் அப்படியே. அரங்கத்தின் நட்டநடுவில் தட்டு நிரம்பி வழிந்தது.

இரண்டு மணிக்கு நடுவர் குழுவின் தலைவி மார்கித் வந்தார். கால் விரிப்பைத் தொட்டதும் கை தானாகப் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தது. காலுறையில் ஒரு ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"கவலைப்படாதீங்க, கரடிக்குக் கண் சரியா தெரியாது," என்றான் தொர்க்கெல்.

"உனக்குத் தெரியுதே," என்றபடி உட்கார்ந்து தடவ ஆரம்பித்தார். மற்ற நடுவர்கள் அடுத்த மேசைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். "சும்மா இருங்க, இப்பத்தான் கண் அசருது," என்று அதட்டினார். கரடி தூங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"இந்த விரிப்பும் விளையாட்டைச் சேர்ந்ததா?"

"காலைல வரைக்கும் இல்ல," என்றாள் ஹில்லவி. "பூட்ஸோட வந்தா வேலை செய்யாது. அதை நான் சோதிச்சே பார்க்கல, என் தப்புதான். இனி விரிப்பு இல்லாம இதை எங்கயும் வைக்கமாட்டேன். கழற்றிப் போட்டு உட்கார்ந்தாத்தான் அவசரம் போகுது. நீங்களே ஏழு நிமிஷம் உட்கார்ந்திருக்கீங்க."

மார்கித் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடினார். "மத்தவங்களையும் கேக்கணும். ஆனா நூலகத்துல எவ்வளவு இடம் வேணும்னு அளவெடுத்து அனுப்பு. விரிப்பையும் சேர்த்து அள."

மார்ச்சில் ஹில்லவி எங்கும் திரும்பிப் போகவில்லை. என் விரிப்புதான் நூலகத்திலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கச் சூடான காப்பி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக இருங்கள்.