முறை மாறும் நாள்

கோடியக்கரையில் வீரையன் விடுதி என்றால் மூன்று தலைமுறைக்குத் தெரியும். வீரையனுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் இருவரும் கட்டடத்தைப் பாகம் பிரிக்க மனமில்லாமல், கோயில் பூசை மாதிரி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் மூத்தவர் வீடு நடத்தும், மறு வருஷம் இளையவர் வீடு. பொங்கல் கழிந்ததும் முறை மாறும். கட்டடம் பொது. உள்ளே அவரவர் வாங்கிப் போட்டது அவரவருக்கு.

இந்த வருஷம் மூத்தவரின் மருமகள் மாலதியின் முறை. மாமனார் காலமான பிறகு அவள் தனியாக நடத்தப்போவது இதுதான் முதல் தடவை. "சரிப்படலேன்னா பங்கை சித்தப்பாவுக்கே எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துடு" என்று சிங்கப்பூரிலிருந்து கணவன் சதீஷ் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பறவை பார்க்க வரும் சென்னைக் கூட்டம் ஒன்றைப் பேசிப் பிடித்திருந்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் விடுதி நிற்கும். முறை மாறும் இன்றைக்கே மத்தியானம் வருகிறார்கள்.

காலையில் சாவி வாங்கப் போனால், விடுதி முற்றத்தில் குட்டியானை வண்டி. சின்ன மாமனார் சாமிதுரை மெத்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஃபேன்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன.

"என்ன மாமா இது?"

"எங்க முறையில வாங்குனதும்மா. பில்லு இருக்கு, காட்டவா?"

"தண்ணி மோட்டாரையுமா கழட்டுவீங்க?"

"உங்க மாமனார் மட்டும் என்ன விட்டுட்டுப் போனாரு? பாத்ரூம் கொக்கிய வரைக்கும் புடுங்கிட்டுப் போனாரு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

அது உண்மைதான். அந்தக் கொக்கிகள் இன்னும் அவள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

"இவங்க போற வரைக்கும் விட்டு வைங்க மாமா. அப்புறம் நானே ஏத்தி அனுப்புறேன்."

"என் மெத்தையில உன் பார்ட்டி படுக்குறதா? முறைன்னா முறை."

"அவங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா அடுத்த வருஷம் உங்க பார்ட்டிதானே?"

"அப்ப நான் மெத்தை போடுவேன்ல!"

மோட்டாரும் வண்டியில் ஏறியது. மாலதி விறுவிறுவென்று நடந்துபோய் வாசல் கேட்டைச் சாத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டைப் போட்டுப் பூட்டினாள்.

"ஏய், வண்டி வெளிய போக வேணாமா?" சாமிதுரை ஓடிவந்தார்.

"இந்த கேட்டு எங்க மாமனார் போட்டது. எங்க சாமான், நாங்க பூட்டுறோம்."

"அத மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாராம்?"

"சிமெண்டுல பதிச்சிட்டாரு. இல்லேன்னா அதையும்தான் தூக்கிட்டுப் போயிருப்பாரு."

சாமிதுரை வாயைத் திறப்பதற்குள் வெளியே ஹாரன் சத்தம். சென்னை வேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து தொலைத்திருந்தார்கள். தொப்பி போட்ட அம்மாள் ஒருவர் கம்பி வழியே எட்டிப் பார்த்து, "மெத்தையெல்லாம் இப்பதான் வந்து இறங்குதா?" என்றார்.

மாலதி சாமிதுரையைப் பார்த்தாள். அயலார் முன்னால் குடும்பச் சண்டை போடும் வழக்கம் வீரையன் வீட்டில் யாருக்கும் கிடையாது.

"ஆமாங்க, புதுசு" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. குட்டியானை டிரைவரிடம் திரும்பி, "எறக்குடா. மொதல்ல மோட்டார மாட்டு" என்றார்.

முதல் மெத்தையை அவரே தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்த அறைக்கு நடந்தார்.

"மாமா, அது அவங்களுக்குப் பேசின ரூமு!"

"எவன் மெத்தைய கிழிக்கிறான்னு பாக்க ஒரு ஆள் வேணாமா? அவங்க போற வரைக்கும் இங்கதான் இருப்பேன். மீன் கொழம்பு நீ வைக்கிறியா, இல்ல உன் சின்ன அத்தைய வரச் சொல்லட்டுமா?"

"வேணாம்னா மட்டும் வராமலா இருப்பாங்க?" என்று முணுமுணுத்தபடி மாலதி கேட்டைத் திறக்கப் போனாள்.